குதிரைக்கு மயக்க ஊசி: விழுவதும் எழுவதும்

சென்ற இதழில் ஆண் குதிரைக்குக் காயடிப்பது பற்றி எழுதியபோது, எந்த மயக்க ஊசி நல்லது என்பதைப் பிறகு பார்க்கலாம் என்று ஒரே வரியில் தள்ளிவைத்திருந்தேன். வந்திருக்கும் கடிதங்களில் பெரும்பாலானவை அந்த வரியைப் பிடித்துக்கொண்டே எழுதப்பட்டிருக்கின்றன. ஆடி மாதத்தில் அந்தியூர்ச் சந்தையில் வாங்கிய குதிரைகளுக்குக் காயடிக்கும் காலம் நெருங்குவதும் ஒரு காரணமாக இருக்கலாம். எனவே இந்த முறை பகுதி முழுவதையும் மயக்க ஊசிக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் குதிரைக்குக் காயடிக்க வந்த மருத்துவர் கழுத்தில் ஓர் ஊசி போட்டுவிட்டு, ஐந்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றார். அதன் பிறகுதான் இரண்டாவது ஊசியைப் போட்டார். இரண்டையும் ஒரே சிரிஞ்சில் கலந்து போட்டிருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்குமே என்று என் தம்பி கேட்கிறான். (வாசகர், அந்தியூர்)

பதில்: அவர் சும்மா நிற்கவில்லை, குதிரையின் தலையைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார். முதல் ஊசி பெரும்பாலும் சைலசின், இரண்டாவது கீட்டமின். நம் ஊரில் மட்டுமல்ல, உலகத்தின் பெரும்பகுதியில் வயல்வெளியில் குதிரைக்குச் செய்யும் சிறு அறுவைகள் இந்த இரண்டையும் நம்பியே நடக்கின்றன. சைலசின் மூளைத்தண்டில் நார்அட்ரினலின் சுரப்பைக் குறைத்து விலங்கை மந்தமாக்குகிறது, தசையைத் தளர்த்துகிறது, ஓரளவு வலியையும் அடக்குகிறது. ஆனால் அதை மட்டும் கொடுத்தால் குதிரை நின்றுகொண்டேதான் தூங்கும். கீழே படுக்க வைப்பது கீட்டமின். அது மூளையின் ஒரு பகுதியை அணைத்து இன்னொரு பகுதியைத் தூண்டிவிடுகிற விசித்திரமான மருந்து. சைலசினின் பிடி இல்லாத குதிரைக்குக் கீட்டமினைக் கொடுத்தால் உடல் விறைக்கும், வெறி பிடித்ததுபோல் துள்ளும், வலிப்பும் வரலாம்.

சிரைக்குள் செலுத்திய சைலசின் முழு அளவில் வேலை செய்ய மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆகும். கீட்டமின் ஒன்றரை நிமிடத்துக்குள் குதிரையைச் சாய்த்துவிடும். இரண்டையும் கலந்து ஒரே நேரத்தில் போட்டால் பின்னால் வரவேண்டியது முன்னால் வந்து நிற்கும். உங்கள் தம்பியிடம் இதைச் சொல்லுங்கள்.

இந்த ஐந்து நிமிடத்தின் மதிப்பை நான் கற்றுக்கொண்ட கதையையும் எழுதிவிடுகிறேன். பணியில் சேர்ந்த புதிதில் ஒரு தென்னந்தோப்பில் சுமார் 400 கிலோ எடையுள்ள ஆண் குதிரைக்குக் காயடிக்கப் போயிருந்தேன். கிலோவுக்கு 1.1 மில்லிகிராம் என்ற கணக்கில் 440 மில்லிகிராம் சைலசின் தேவை. மில்லிக்கு 100 மில்லிகிராம் உள்ள குப்பி என்று நினைத்து 4.4 மில்லி எடுத்துப் போட்டேன். கையில் இருந்ததோ மில்லிக்கு 20 மில்லிகிராம் மட்டுமே உள்ள, மாட்டுக்குப் பயன்படுத்தும் குப்பி. குதிரைக்குத் தேவைப்படும் அளவில் பத்தில் ஒரு பங்கே மாட்டுக்குப் போதும் என்பதால்தான் அந்தக் குப்பியில் மருந்து அவ்வளவு நீர்த்திருக்கிறது. ஆக, போக வேண்டியதில் ஐந்தில் ஒரு பங்குதான் குதிரைக்குள் போயிருந்தது. நான் கீட்டமின் சிரிஞ்சைக் கையில் எடுத்துவிட்டேன். முகக்கயிற்றைப் பிடித்திருந்த வயதான கம்பவுண்டர், "ஐயா, காது இன்னும் நிக்குது" என்றார். நிமிர்ந்து பார்த்தேன். தலை தாழவில்லை, கீழுதடு தொங்கவில்லை, ஓர் ஈ வந்து உட்கார்ந்ததற்கே தோல் சிலிர்த்தது. குப்பியை மறுபடி எடுத்துப் படித்தபோது எனக்கு வியர்த்துவிட்டது. அன்று முதல் குதிரையின் மூக்கு அதன் முழங்கால் மட்டத்துக்குத் தாழ்ந்து, கீழுதடு தளர்ந்து தொங்கும் வரை கீட்டமின் சிரிஞ்சின் மூடியைக்கூடக் கழற்றுவதில்லை. ஐந்து நிமிடத்தில் அந்த நிலை வராவிட்டால் சைலசினைக் கூட்டிக் கொடுக்க வேண்டும். அப்போதும் வராவிட்டால் அன்றைய வேலையைத் தள்ளிப்போடுவதே நல்லது.

கேள்வி: கால்நடை மருத்துவ இறுதியாண்டு மாணவி நான். பாடத்தில் சைலசின்–கீட்டமின், குவாய்ஃபெனெசின்–தயோபென்டோன், டைலெட்டமின்–சோலசிபாம் என்று வரிசையாகப் படிக்கிறோம். எல்லாவற்றுக்கும் அளவு இருக்கிறது, நேரம் இருக்கிறது. ஆனால் ஒன்றைவிட மற்றொன்று எந்த வகையில் மேல் என்று முடிவு செய்வது எப்படி? (வாசகி, நாமக்கல்)

பதில்: குதிரை எப்படி விழுகிறது என்பதை வைத்து மருந்தைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் எங்கள் தலைமுறையில் பலருக்கு இருந்தது. விழுவதைச் சுற்றி ஆட்கள் நிற்பார்கள், பார்ப்பதற்கும் பெரிய காட்சி. எழும் நேரத்தில் பாதிப் பேர் தேநீர் குடிக்கப் போயிருப்பார்கள். என் கணக்கில் ஒரு மயக்க மருந்தின் தரம் அது கலையும்போதுதான் வெளிப்படுகிறது. ஓடி உயிர் பிழைக்கும் இனத்தில் பிறந்த விலங்கு குதிரை. நினைவு திரும்பியதும், கால் தாங்குமா என்று பார்க்காமல் எழத்தான் முயலும். மூளை தெளிந்து தசை தெளியாத நிலை என்றால் அது விழும், மறுபடி எழும், மறுபடி விழும். அப்படி விழும்போதுதான் கால் எலும்பு முறிகிறது.

இந்தப் பார்வையில் தயோபென்டோனை முதலில் எடுத்துக்கொள்வோம். 1934இல் மனிதர்களுக்குப் பயன்பாட்டுக்கு வந்த, பார்பிட்யூரேட் என்ற தூக்கமருந்து வகையைச் சேர்ந்தது இது. குதிரை வேகமாகவும் தளர்வாகவும் படுக்கும். விழித்த கண்ணும் விறைத்த கழுத்தும் இல்லாததால் அறுவை செய்பவருக்குக் கீட்டமினைவிட வசதியாகத் தோன்றும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. முதல் தவணையில் குதிரை விழிப்பதற்குக் காரணம் மருந்து உடலில் சிதைந்து போனதல்ல, மூளையிலிருந்து ரத்தத்தின் வழியே தசைக்கும் பிறகு கொழுப்புக்கும் இடம் மாறியதுதான். அறுவை நீள்கிறது என்று இரண்டாவது, மூன்றாவது முறை கொடுத்தால், மாறிப்போக இடமில்லாமல் மருந்து ரத்தத்திலேயே சுற்றும். கொழுப்பே இல்லாத பந்தயக் குதிரையில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ஒருமுறை இரண்டு தவணை தயோபென்டோன் வாங்கிய சாம்பல் நிறப் பெட்டைக் குதிரை ஒன்று எழுந்ததை அருகில் நின்று பார்த்தேன். முதல் முயற்சியில் முன்னங்கால்கள் மட்டும் ஊன்றின. இரண்டாவதில் பின்பக்கம் தூக்கி மூக்கு மண்ணில் குத்தியது. ஐந்தாவது முயற்சியில்தான் நின்றது. நின்ற பிறகும் குடிகாரனைப் போல் சுவரில் சாய்ந்துகொண்டே பத்து நிமிடம் ஆடியது.

தயோபென்டோனின் இன்னொரு குறை அதன் காரத்தன்மை. கரைசலின் பிஎச் 10க்கும் மேல் இருப்பதால், சிரைக்கு வெளியே சிறிது கசிந்தாலும் கழுத்துத் தசையும் தோலும் அழுகி உதிரும். சிரைக்குள் நிலையான குழாய் பொருத்தாமல், வெறும் ஊசியைக் குத்தி இதைச் செலுத்துவது கூடாது. சைலசினும் கீட்டமினும் இந்த விஷயத்தில் நம் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும்.

குவாய்ஃபெனெசின் என்ற பெயரை இருமல் மருந்துப் பாட்டிலில் எல்லோரும் பார்த்திருப்போம், அதே மருந்துதான். குதிரைக்குச் சிரை வழியாகப் பெரிய அளவில் கொடுக்கும்போது, முதுகுத்தண்டின் இணைப்பு நரம்புகளை மட்டுப்படுத்தித் தசையைத் தளர்த்துகிறது. மூச்சுத் தசையை அவ்வளவாகத் தொடுவதில்லை. ஆனால் இது மயக்க மருந்து அல்ல, வலிநிவாரணியும் அல்ல. இதை மட்டும் கொடுத்து ஒரு விலங்கைச் சாய்த்துக் கத்தி வைப்பது, எல்லாவற்றையும் உணர்கிற உயிரைக் கட்டிப்போட்டு அறுப்பதற்குச் சமம் என்பதை மாணவர்கள் மறக்கக் கூடாது. கிலோவுக்கு 50 முதல் 100 மில்லிகிராம் என்றால் 400 கிலோ குதிரைக்கு 5 சதவீதக் கரைசல் 400 முதல் 800 மில்லி போக வேண்டும். அதை உயரத்தில் தூக்கிப் பிடிக்க ஓர் ஆள், தலையைப் பிடிக்க ஓர் ஆள், தள்ளாடும் உடலைச் சுவரோடு அணைக்க இரண்டு ஆள் வேண்டும். அவசரத்தில் கரைசலின் அடர்த்தியை அளவுக்கு மேல் கூட்டினால் சிவப்பணுக்கள் உடையும், சிரை வீங்கித் தடிக்கும். முழங்கால் மடங்கத் தொடங்கியதும் தயோபென்டோனையோ கீட்டமினையோ ஒரே தள்ளாகச் சிரைக்குள் செலுத்திப் படுக்க வைப்பார்கள். குவாய்ஃபெனெசின் துணை இருந்தால் தயோபென்டோனின் அளவை வெகுவாகக் குறைக்கலாம், எழுவதும் அந்த அளவுக்குச் சீராகும். அந்த இணைக்கு இதுதான் உண்மையான பெருமை.

இதே குவாய்ஃபெனெசின் 500 மில்லிப் பாட்டிலில் 500 மில்லிகிராம் கீட்டமினும் 250 மில்லிகிராம் சைலசினும் கலந்து சொட்டுச்சொட்டாக ஏற்றும் முறையை 'டிரிப்பிள் டிரிப்' என்பார்கள். சைலசின்–கீட்டமினால் படுக்க வைத்த குதிரையை அதே படுக்கையில் ஒரு மணி நேரம் வரை வைத்திருக்க இது மிக நல்ல வழி. கிலோவுக்கு மணிக்குச் சுமார் 2 மில்லி என்று தொடங்கி, குதிரையைப் பார்த்துக் கூட்டிக் குறைக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் நீட்டினால் இங்கும் மருந்துகள் உடலில் தேங்கும், கால்கள் பின்னும்.

டைலெட்டமின்–சோலசிபாம் தூளாக வரும் இரட்டை மருந்து. டைலெட்டமின் கீட்டமினின் பங்காளி, சோலசிபாம் தசையைத் தளர்த்தும் துணை. சைலசினுக்குப் பிறகு கொடுத்தால் 20 முதல் 30 நிமிடம் அறுவை செய்ய நேரம் கிடைக்கும். கரைசலின் அளவு மிகக் குறைவு, விழுவது அழகு. ஆனால் எழுவதற்கு அதிக நேரமும் அதிக முயற்சிகளும் தேவைப்படும். 15 நிமிடத்தில் முடிகிற வேலைக்கு இதை எடுப்பது எனக்கு உடன்பாடில்லை.

இப்போது சைலசின்–கீட்டமினின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். நேரம் குறைவு: கீட்டமின் கிலோவுக்கு 2.2 மில்லிகிராம் கொடுத்தால் கிடைப்பது 10 முதல் 20 நிமிடம்தான். அந்த நேரத்திலும் தசை முழுதாகத் தளர்வதில்லை. இதற்கு நான் கண்ட எளிய மருந்து, அதே சிரிஞ்சில் கீட்டமினோடு, தசையைத் தளர்த்தும் டயசிபாம் சேர்ப்பது. கிலோவுக்கு 0.05 மில்லிகிராம், அதாவது 400 கிலோ குதிரைக்கு 20 மில்லிகிராம் சேர்த்தால் விறைப்பு வெகுவாகக் குறைகிறது. டயசிபாமுக்குப் பதில் மிடசோலமும் போடலாம். வளர்ந்த குதிரைக்கு டயசிபாமை முதலில் தனியாகக் கொடுத்துவிடாதீர்கள்: மனம் தெளிவாக இருக்கக் கால் மட்டும் தளர்ந்தால் குதிரை பீதியடையும். காயடிப்பாக இருந்தால் அந்த இடத்தை மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்னை விதைக்குள் செலுத்திவிட வேண்டும். நறுக்கும் நேரத்தில் உதைக்காது, கூடுதல் கீட்டமினும் தேவைப்படாது. சைலசினுக்குப் பதிலாக டெட்டோமிடின் அல்லது ரோமிஃபிடின் கிடைத்தால் மந்தநிலை நீடிக்கும். ரோமிஃபிடினில் தள்ளாட்டம் குறைவு. அடிப்படை ஒன்றுதான்.

இந்த இணையில் எழும் காட்சியையும் எழுதிவிட்டால் ஒப்பீடு முடிந்தது. காது அசையும், தலை தூக்கும், உருண்டு நெஞ்சில் அமரும். பெரும்பாலான குதிரைகள் அங்கேயே சிறிது நேரம் உட்கார்ந்து யோசிக்கும். பிறகு முன்னங்காலை நீட்டி, ஒரே முயற்சியிலோ இரண்டாவதிலோ நின்றுவிடும். கீட்டமின் விலகும்போது சைலசினின் மந்தம் கொஞ்சம் மிச்சமிருப்பதுதான் அந்த நிதானத்துக்குக் காரணம். ஊசி போட்டதிலிருந்து எழும் வரை பெரும்பாலும் அரை மணியிலிருந்து முக்கால் மணி ஆகும்.

கேள்வி: மயக்க ஊசி போட்ட பிறகும் என் குதிரை கண்ணைத் திறந்தே வைத்திருந்தது, எச்சிலை விழுங்கியது, கண்ணீர் வடித்தது. வலி தெரிந்திருக்குமோ என்று என் மனைவி இரண்டு நாள் சாப்பிடவில்லை. (வாசகர், பொள்ளாச்சி)

பதில்: உங்கள் மனைவி சாப்பிடலாம். கீட்டமின் கொடுத்த குதிரையின் கண் மூடாது, கண்ணீர் வரும், விழுங்கும், இமையைத் தொட்டால் சிமிட்டும். மற்ற மயக்க மருந்துகளில் இவையெல்லாம் மயக்கம் குறைவதன் அடையாளம், கீட்டமினில் அப்படி அல்ல. கண்மணி வேகமாகப் பக்கவாட்டில் துள்ளத் தொடங்குவது, காது தானாக அசைவது, கழுத்துத் தசை இறுகுவது, மூச்சின் சீர் மாறுவது ஆகியவற்றையே மருத்துவர் கவனித்துக்கொண்டிருப்பார். அவை தெரிந்தால் முதலில் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை மறுபடி கொடுப்பார். திறந்திருக்கும் கண்ணில் மண் விழாமல் களிம்பிட்டு, துணியால் மூடிவைக்கச் சொல்லுங்கள். வெளிச்சமும் தூண்டுதலும் குறையும், கீழ்ப்பக்கக் கண்ணும் தப்பிக்கும். படுத்ததும் முகக்கயிற்றைக் கழற்றிவிட வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதன் வளையம் கன்னத்தில் அழுந்தினால் முக நரம்பு பழுதாகி, உதடு ஒருபக்கம் கோணிப்போகும்.

கேள்வி: தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். எங்களுக்கு புரோப்போஃபால்தான் தினசரிக் கருவி. நோயாளி எவ்வளவு தெளிவாக விழிக்கிறார்! எழுவதுதான் முக்கியம் என்றால் குதிரைக்கும் அதையே கொடுக்கலாமே? (வாசகி, மதுரை)

பதில்: கூர்மையான கேள்வி. புரோப்போஃபால் கொடுத்த குதிரை எழும் விதம் நல்லதுதான், அதில் சந்தேகமில்லை. சிக்கல் தொடக்கத்தில் இருக்கிறது. சைலசின் கொடுத்த பிறகுகூட, புரோப்போஃபால் ஏறும்போது பல குதிரைகள் படுத்த நிலையில் ஓடுவதுபோல் நான்கு காலையும் அடித்துக்கொள்ளும். 60 கிலோ மனிதர் கையை உதறினால் நீங்கள் பிடித்துக்கொள்வீர்கள், 400 கிலோ உடலின் குளம்பு பட்டால் விலா எலும்பு போய்விடும். அடுத்தது, கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்றாலும் 800 மில்லிகிராம், அதாவது 1 சதவீதக் குழம்பில் 80 மில்லி. அதை மெதுவாகத் தள்ளினால் பாதி மயக்கத்தில் தள்ளாடும், வேகமாகத் தள்ள இவ்வளவு பருமன் இடம்கொடுக்காது. மூச்சும் நிற்கும். உங்கள் பிரிவில் கைக்கெட்டும் தூரத்தில் குழாயும் ஆக்சிஜனும் இருக்கின்றன, தோப்பில் அவை இல்லை. விலையை நான் சேர்க்கவே இல்லை. முன்னேற்பாடுள்ள பெரிய மருத்துவமனைகளில் குவாய்ஃபெனெசினோடும் கீட்டமினோடும் சிறிய அளவு சேர்த்து இதைப் பயன்படுத்துகிறார்கள். அல்ஃபாக்சலோன் என்ற இன்னொரு மயக்க ஊசிக்கும் ஏறக்குறைய இதே தீர்ப்புதான்: குட்டிக்கு நல்லது, பெரிய குதிரைக்கு விலை கட்டாது.

கேள்வி: அரசுக் கால்நடை மருந்தகத்தில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் காலத்தில் குளோரல் ஹைட்ரேட்டைக் கரைத்துத்தான் குதிரையைச் சாய்த்தோம். அது ஏன் ஒழிந்துபோனது? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: ஐயா, நீங்கள் கரைத்த அந்தக் காரநெடி இன்னும் என் மூக்கில் இருக்கிறது. 1832இல் ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக் தயாரித்த பொருள் அது. 1869இல்தான் தூக்கமருந்தாக வந்தது. அதன் பிறகு ஒரு நூற்றாண்டுக்கு மேல் குதிரை மருத்துவத்தைத் தாங்கியது. மலிவு, தாராளமாகக் கிடைக்கும், குதிரையை மந்தமாக்குவதில் கெட்டி. ஆனால் மயக்கம் தருகிற அளவுக்கும் உயிரைப் பறிக்கிற அளவுக்கும் இடையே உள்ள தூரம் குறுகியது. ஊசி நின்ற பிறகும் மயக்கம் ஆழமாகிக்கொண்டே போகும் என்பதால், எங்கே நிறுத்துவது என்பது கை அனுபவத்தைப் பொறுத்தது. அந்தக் குறையைச் சமாளிக்க மக்னீசியம் சல்பேட் சேர்த்தார்கள், பென்டோபார்பிட்டோனும் சேர்த்தார்கள். வெளியே கசிந்தால் கழுத்தில் குழி விழும். எழுவதற்குச் சில மணி நேரம் பிடிக்கும், அதுவரை கயிறும் வைக்கோலும் ஆட்களும் வேண்டும்.

சைலசின், கீட்டமின் இரண்டுமே 1962இல் உருவானவை. முன்னது ஜெர்மனியில் ரத்த அழுத்தத்துக்கு மருந்து தேடியபோது கிடைத்தது, பின்னது அமெரிக்காவில் மனிதருக்கான மயக்க மருந்தாகச் செய்யப்பட்டது. 1977இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இரண்டையும் குதிரையில் இணைத்து ஆராய்ந்து வெளியிட்ட பிறகு, குளோரலுக்கு வேலை குறையத் தொடங்கியது.

இடையில் பிரிட்டனில், மார்ஃபின் இனத்தைச் சேர்ந்த மிகக் கடுமையான எட்டார்பினும் மந்தமாக்கும் அசிப்ரோமசினும் சேர்ந்த 'இம்மொபிலான்' கொஞ்சகாலம் கொடிகட்டிப் பறந்தது. குதிரையை வீழ்த்தச் சில மில்லிப் போதும், எழுப்ப மாற்று மருந்தும் உண்டு. ஆனால் மருத்துவரின் கையில் ஊசி தவறிக் கீறினாலே அவர் உயிருக்கு ஆபத்து என்பதால், மனிதருக்கான முறிமருந்தைப் பக்கத்தில் தயாராக வைத்துக்கொண்டுதான் குப்பியைத் திறக்க வேண்டும். அப்படியொரு மருந்தைக் காயடிப்புக்கு எடுத்துப்போகும் துணிச்சல் எனக்கு இருந்ததில்லை.

கேள்வி: மெரினாவில் சவாரிக் குதிரை வைத்திருக்கிறேன். மயக்கம் கொடுத்தால் நாயைவிடக் குதிரை அதிகம் சாகும் என்கிறார்கள், உண்மையா? வாயு மயக்கம் ஊசியைவிடப் பாதுகாப்பானதா? (வாசகர், சென்னை)

பதில்: உண்மைதான். பிரிட்டனில் தொடங்கிய ஒரு பெரிய கணக்கெடுப்பு 41,824 குதிரைகளைத் தொடர்ந்து பார்த்து 2002இல் முடிவை வெளியிட்டது. மயக்கம் கொடுத்த குதிரைகளில் 1.9 சதவீதம் ஏழு நாளுக்குள் இறந்தன. வயிற்றுவலிக்காக அறுக்கப்பட்டவற்றை விலக்கினாலும் 0.9 சதவீதம். நாய்களில் 2008இல் வெளியான பிரிட்டன் கணக்கு 0.17 சதவீதம். குதிரை இறப்புகளில் மூன்றில் ஒரு பங்கு இதயம் நின்றதால், இன்னொரு மூன்றில் ஒரு பங்கு எழும்போது எலும்பு முறிந்ததாலும் தசை சிதைந்ததாலும் நேர்ந்தவை. 2021இல் வந்த அடுத்த கட்டக் கணக்கில் மொத்த இறப்பு சுமார் 1 சதவீதமாக இறங்கியிருக்கிறது.

தசை சிதைவது ஏன்? படுத்த குதிரையின் முழு எடையும் கீழ்ப்பக்கத் தசைமேல் இறங்குகிறது. ஹாலோதேன், ஐசோஃப்ளூரேன் போன்ற வாயுக்கள் ரத்த அழுத்தத்தைத் தாழ்த்துவதால், நசுங்கிய தசைக்குள் ரத்தம் நுழைவதில்லை. சராசரி ரத்த அழுத்தம் 70 மில்லிமீட்டர் பாதரசத்துக்குக் கீழே இறங்காமல் காப்பதே வாயு மயக்கம் கொடுப்பவரின் முதல் வேலை. கீட்டமின் இதயத்தைத் தூண்டி அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. அந்தக் கணக்கெடுப்பிலும் ஊசிவழி மயக்கம் மட்டும் பெற்ற குதிரைகளில் இறப்பு குறைவுதான். ஆனால் அவை பெரும்பாலும் சீக்கிரம் முடிந்த சிறு அறுவைகள் என்பதை மறந்துவிட்டு, ஊசியே எப்போதும் மேல் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற வேலைக்கு ஊசி, அதற்கு மேல் ஆகும் என்றால் வாயுவும் மேஜையும் உள்ள இடம் என்பதே நடைமுறை. தோப்பில் படுக்க வைத்தாலும் கீழ்ப்பக்க முன்னங்காலை முன்னோக்கி இழுத்துவிட்டு, தோளுக்கடியில் மெத்தையோ காற்றடைத்த டியூபோ வையுங்கள்.

கேள்வி: கொடைக்கானல் மலையில் சுமை தூக்கும் கோவேறு கழுதைகள் வைத்திருக்கிறோம். குதிரைக்கான அளவே போதுமா? (வாசகர், கொடைக்கானல்)

பதில்: போதாது. கோவேறு கழுதைக்குச் சைலசின் குதிரையைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு தேவைப்படும், கிலோவுக்கு 1.6 மில்லிகிராம் வரை. கழுதையின் உடல் கீட்டமினை வேகமாகச் சிதைத்துவிடுவதால், அறுவை பாதியில் இருக்கும்போதே அது எழுந்துவிடப் பார்க்கும். குவாய்ஃபெனெசின் விஷயத்தில் நிலைமை தலைகீழ்: கழுதைக்குக் குறைவாகவே கொடுக்க வேண்டும். இன்னொன்று, கழுதையும் கோவேறு கழுதையும் பயத்தை வெளியில் காட்டாது. அமைதியாக நிற்பதை மந்தநிலை என்று நம்பி அடுத்த ஊசியை எடுத்துவிடக் கூடாது.

கேள்வி: அளவெல்லாம் நீங்களே எழுதுகிறீர்கள். கீட்டமின் வாங்கி வைத்துக்கொண்டு அவசரத்துக்கு நாங்களே போட்டால் என்ன? (வாசகர், ஈரோடு)

பதில்: முதல் தடை சட்டம். போதைக்காகக் கடத்தப்பட்டதால் 2013இன் இறுதியில் கீட்டமின், விற்பனைக்குக் கடும் கட்டுப்பாடுள்ள மருந்துகளின் பட்டியலான அட்டவணை எக்ஸில் சேர்க்கப்பட்டது. மருத்துவரின் மருந்துச் சீட்டு இரண்டு பிரதி வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் இரண்டு ஆண்டு பத்திரப்படுத்த வேண்டும். இரண்டாவது தடை உங்கள் குதிரையின் கழுத்து. கழுத்தின் மேல்பாதியில் சிரைக்கும் தமனிக்கும் இடையே ஒரு தட்டையான தசை ஓடுகிறது. கீழ்ப்பாதியில் அந்தத் தடுப்பு இல்லை, இரண்டும் ஒட்டிக்கொண்டே போகின்றன. சைலசின் தவறித் தமனிக்குள் போனால் அது நேராக மூளையைச் சேரும், ஊசியை எடுப்பதற்குள் குதிரை வலிப்பு வந்து விழும். அதனால்தான் நாங்கள் மேல்பாதியில் குத்துகிறோம். குத்திய ஊசியிலிருந்து கருஞ்சிவப்பாக ரத்தம் சொட்டுகிறதா, பளிச்சென்ற சிவப்பில் துள்ளி வருகிறதா என்று பார்த்த பிறகுதான் சிரிஞ்சை மாட்டுகிறோம். அளவை எழுதுவது, வரும் மருத்துவர் என்ன செய்கிறார் என்பது உங்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக.

கேள்வி: எழுந்து நின்ற பிறகு எவ்வளவு நேரம் கழித்துப் புல் வைக்கலாம்? (வாசகர், கோபிசெட்டிபாளையம்)

பதில்: தள்ளாட்டம் முழுதாக நின்று, தலை பழைய உயரத்துக்கு வந்த பிறகு முதலில் கொஞ்சம் தண்ணீர் காட்டுங்கள். சிக்கலில்லாமல் விழுங்குகிறது என்றால் ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து ஒரு கைப்பிடி பசும்புல் வையுங்கள். தீவனமும் கொள்ளும் அன்றைக்கு வேண்டாம். சைலசின் குடலின் அசைவைச் சில மணி நேரம் மட்டுப்படுத்திவிடும், அதன்மேல் வயிறு நிறைந்தால் வயிற்றுவலி வரும். சிறுநீர் வழக்கத்தைவிட அதிகமாகப் போகும், அதுவும் சைலசினின் வேலைதான், பயப்பட வேண்டாம். லாயத்தில் இரவு சாணம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். மறுநாள் காலை வரை போடாவிட்டாலோ, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு தரையைக் காலால் கீறினாலோ, மருத்துவரைத் தொலைபேசியில் கூப்பிடுங்கள்.